மறுமொழி: ‘பிட்ச்போல்’ – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> ‘தலைகீழ்க் கவிழ்வு’ போதுமே. யாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் நம் படகு கட்டும் கையேட்டின் சொற்பட்டியலில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை காத்திருக்கிறது. இரட்டை உடல் பாய்ப்படகு பக்கவாட்டில் கவிழ்ந்த பிறகும் சும்மா கிடப்பதில்லை. பாய்மர உச்சியில் மிதவை இல்லாவிட்டால் மேலும் உருண்டு, பாய்மரம் கடலடியை நோக்கி நிற்கும்படி ஆகிவிடலாம். தலைகீழ் என்றால் அதுதான். நிமிர்த்துவதற்குள் உயிர் போய்விடும். பிட்ச்போல் அந்த நிலையன்று. படகு முன்மூக்கு நீரில் குத்தி, பின்புறம் மேலெழும்பி, முன்னோக்கிப் புரளும் விதம்.

பின்பக்கவாட்டுக் காற்றில் பாய் புடைத்து ஓடும்போது தள்ளுவிசை மரத்தின் உயரத்தில் இருக்கிறது, நீரின் தடை அடியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து முன்பக்கத்தை அழுத்துகின்றன. அகலம் காரணமாகப் படகு எளிதில் பக்கம் சாயாது என்பதால், ஓட்டுபவர் பாயைத் தளர்த்தாமல் துணிந்து பிடித்திருப்பார். காற்று போகும் பக்கத்து உடலின் அணியம் (முன்முனை) முதலில் நீருக்குள் செல்லும். மேல்தட்டில் தண்ணீர் ஏறியதும் வேகம் சட்டென்று அறும், பின்புறம் எழும்பும், ஆட்கள் முன்னால் வீசப்படுவார்கள். ஐந்து மீட்டர் நீளமுள்ள ஹோபி 16 என்ற இரட்டை உடல் படகு தன் மெலிந்த அணியத்தால் இதற்குப் பேர்போனது. பெரிய படகுகளும் தப்பவில்லை: 2012 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் அமெரிக்கக் கோப்பைப் பாய்ப்படகுப் போட்டிக்கான ஆரக்கிள் அணியின் 72 அடி இரட்டை உடல் படகு இப்படித்தான் புரண்டது.

ஆகவே நமக்கு ஒரு சொல் போதாது. மூக்கு நீருக்குள் போவதற்கு ‘அணியக்குத்து’, முழுதாகப் புரள்வதற்குக் ‘குப்புறல்’ என்பது என் பரிந்துரை. வீட்டில் படகு கட்டுபவருக்கு முதற்சொல்தான் முக்கியம். அந்தக் கட்டத்தில் பாய்க்கயிற்றை விட்டு, ஆட்கள் பின்னால் நகர்ந்தால் பிழைக்கலாம். சோதனையும் அதற்குத்தான் தேவை: அலையற்ற நீரில் ஒருவரை ஓர் உடலின் அணியத்தில் நிற்கவைத்து, மேல்தட்டு நீருக்கு மேல் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். ஒட்டுப்பலகையைச் செப்புக் கம்பியால் தைத்து, மூலைகளில் எப்பாக்சி பூசிய பிறகு அணியத்தைப் பருமனாக்குவது நடக்காத காரியம். பாய்மரத்தைச் சற்றுப் பின்னால் சாய்க்கலாம், அவ்வளவுதான்.

(இப்படித் தைத்து ஒட்டுவதற்கு நாம் வைத்த ‘தைத்தொட்டு முறை’ என்ற சொல்லுக்கு மட்டும் ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. மசூலாப் படகைக் கயிற்றால் தைத்த கரையில் யார் வருவார்கள்!)

> ‘அணியம்’ மீனவர்களுக்குப் புரியும். நகரத்து வாசகருக்கு?

அம்மா, படகு கட்ட வருகிறவர் அணியத்தைக் கற்றுக்கொள்ளட்டும். சுக்கானைக் கற்றுக்கொள்ளவில்லையா? கையேட்டின் முதல் பக்கத்தில் படம் போட்டுவிடலாம்.

* * *

மறுமொழி:

‘குப்புறல்’ நன்று. ‘குப்புறு’ என்று வினை ஏற்கெனவே இருப்பதால் ‘படகு குப்புற்றது’ என்று எழுதவும் வசதி. ‘கவிழ்வு’ பக்கவாட்டுக்கு மட்டும் என்பதையும் பட்டியலில் குறித்துவிடுங்கள்; இல்லையென்றால் மறுபடி குழம்பும். ஓர் ஐயம்: ‘அணியக்குத்து’ என்றால் யாரோ அணியத்தைக் குத்தியதுபோல் ஒலிக்கவில்லையா?

* * *

மறுமொழி:

ஒலிக்கிறதுதான். ‘அணிய மூழ்கல்’ என்று மாற்றிவிடுகிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள்; திங்களன்று கையேடு அச்சுக்குப் போகிறது.