வடசென்னையில் கூட்டுக் காய்கறித் தோட்டம்: மாதம்தோறும் செய்வதும் சந்தித்ததும்

தண்டையார்பேட்டையிலிருந்து

எங்கள் குடியிருப்பின் பின்புறம், முன்பு கட்டட இடிபாடுகளைக் கொட்டி வைத்திருந்த இடத்தில், குடியிருப்போர் பலர் சேர்ந்து காய்கறித் தோட்டம் ஒன்றைப் பராமரித்து வருகிறோம். எந்த மாதத்தில் என்ன வேலை செய்ய வேண்டும் என்று புதிதாகத் தொடங்குபவர்கள் அடிக்கடி கேட்பதால் எங்கள் அனுபவத்தை எழுதுகிறேன். சுற்றுப்பகுதிகளில் தோட்டம் வைத்திருப்பவர்கள் தங்களுடையதையும் சேர்த்து எழுதினால் பயன்படும்.

விதைப் பொட்டலத்தின் பின்னாலும் நாட்காட்டியிலும் அச்சாகும் பட்ட அட்டவணை (எந்தப் பருவத்தில் எதை விதைப்பது என்ற பட்டியல்), நல்ல நீரும் வடிகாலும் உள்ள நிலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கடற்கரையை ஒட்டி வாழும் நமக்கு வெயில் காலத்தில் உப்பும், மழைக் காலத்தில் தேங்கும் நீருமே பயிரைத் தீர்மானிக்கின்றன. எந்த மாதத்தில் எந்தத் தண்ணீர் கைக்குக் கிடைக்கும் என்பதை முதலில் எழுதிக்கொண்டு, அதற்குப் பக்கத்தில் பயிரின் பெயரை எழுதுவதே எங்கள் வழக்கம்.

எங்களுக்கு ஆண்டு ஆனியில் தொடங்குகிறது. கோடை முழுவதும் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்த பாத்திகளின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். ஆனிக் கடைசியில் மாலை இடிமழை தொடங்குவதற்கு முன்பே அந்த மேலடுக்கைக் கரண்டியால் சுரண்டி வெளியே அப்புறப்படுத்திவிட வேண்டும். மழை பெய்த பிறகு சுரண்டினால் உப்பு ஏற்கெனவே வேர்ப்பகுதிக்கு இறங்கியிருக்கும். அதன் பின் ஜிப்சத்தைத் தூவிக் கொத்திவிடுகிறோம். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் மண்துகள்களில் ஒட்டியிருக்கும் சோடியத்தை விடுவித்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது; விடுபட்ட சோடியத்தை மழை கீழே கழுவிக்கொண்டு போகிறது. ஆகவே ஜிப்சம் போட்டுவிட்டு மழையோ நல்ல நீரோ தாராளமாகக் கிடைக்காவிட்டால் பலன் இல்லை. ஆனியில் இதைச் செய்வதற்குக் காரணம் அதுதான்.

ஆடியில் வெண்டை, கொத்தவரை, பீர்க்கு, புடலை, பாகல், அவரை ஆகியவற்றை நேரடியாக விதைக்கிறோம். கத்தரியையும் மிளகாயையும் குழித்தட்டில் போட்டு, ஆவணியில் எடுத்து நடுகிறோம். நாற்றுக்கு மட்டும் எக்காரணம் கொண்டும் கிணற்று நீரை ஊற்றுவதில்லை. மாடிகளில் ஓடும் ஏ.சி. இயந்திரங்களின் வடிகுழாயை வாளிக்குள் விட்டுப் பிடிக்கும் நீர், காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது என்பதால், அதில் உப்பே இல்லை. நாற்றங்காலுக்கு அது போதும்.

இதே நல்லெண்ணத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பங்குனியில், தோட்டத்தில் தண்ணீர் வற்றிவிட்டது என்று கேள்விப்பட்ட குடும்பங்கள் சில, வீட்டில் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரத்திலிருந்து வெளியேறும் நீரை நாள்தோறும் குடத்தில் கொண்டுவந்து மிளகாய்ப் பாத்தியில் ஊற்றினார்கள். பார்ப்பதற்குத் தெளிந்த நீர். சில வாரங்களில் இலைகளின் ஓரம் பழுப்பு நூல் கட்டியதைப் போலக் கருகி, பிஞ்சுகள் உதிரத் தொடங்கின. அந்த இயந்திரம் குடிநீரிலிருந்து பிரித்தெடுக்கும் உப்பு முழுவதையும் கழிவு நீரில்தான் தள்ளுகிறது. உள்ளே போவது உப்புக் கிணற்று நீர் என்றால், வெளியே வருவது அதைவிட உப்பு. கொண்டுவந்தவர்களின் முகம் வாடிவிடக் கூடாது என்பதற்காக, அந்தக் குடங்களைப் படிக்கட்டு கழுவும் வேலைக்குத் திருப்பிவிட்டோம்.

உப்பைத் தாங்குவதில் பயிருக்குப் பயிர் வேறுபாடு உண்டு. மண்ணில் உள்ள உப்பின் அளவைக் காட்டும் மண்சாற்றின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸைத் தாண்டியதுமே பீன்ஸின் விளைச்சல் குறையத் தொடங்குகிறது. தக்காளி சுமார் 2.5 வரையிலும் பீட்ரூட் 4 வரையிலும் தாங்கும். பீன்ஸுக்காக ஏங்குபவர்கள் அதைக் கடையில் வாங்கிக்கொள்வதே நல்லது.

புரட்டாசி வேலைகளை வியாசர்பாடி நண்பர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். மார்கழியில் முள்ளங்கி, பீட்ரூட், கீரைகள். தையில் அவரை கொத்துக் கொத்தாகக் காய்க்கும். போகியன்று தெருவில் எரிக்கப்படவிருக்கும் காய்ந்த சருகையும் வைக்கோலையும் முதல் நாளே கேட்டு வாங்கிவிடுகிறோம். கோடையில் பாத்தி மண்ணின் மேல் போர்த்தும் மூடாக்கிற்கு அதுவே மூலப்பொருள். மாசிக்குள் எல்லாப் பாத்திகளுக்கும் மூடாக்கு போட்டு முடிக்காவிட்டால், பங்குனியில் ஊற்றும் தண்ணீர் வெயிலோடு போய்விடும். உப்பு மட்டும் மேலே தங்கும்.

எர்ணாவூரிலிருந்து

தண்டையார்பேட்டை அன்பர் எழுதிய உப்புக் கணக்கு எங்களுக்கும் அப்படியே பொருந்துகிறது. அதனுடன் எங்கள் பகுதியில் அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்துகொள்கிறது. காலையில் வெண்டை இலையை விரலால் தடவினால் சாம்பல் நிறத் தூள் ஒட்டிக்கொள்ளும். பங்குனி, சித்திரை மாதங்களில் இந்தத் தூசி படிந்த இலைகளின் அடிப்புறத்தில் செஞ்சிலந்தி பெருகுகிறது. இலையில் ஊசியால் குத்தியதைப் போன்ற வெளிர் புள்ளிகள் தோன்றும். திருப்பிப் பார்த்தால் மெல்லிய வலையும், அதில் நகரும் சிவப்புப் புள்ளிகளும் தெரியும். மருந்தைத் தேடி ஓடுவதற்கு முன், வாரத்தில் இரு முறை அதிகாலையில் இலையின் அடிப்புறம் நனையும்படி நீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பகுதி கட்டுப்படுகிறது என்பது எங்கள் அனுபவம். அப்போதும் நிற்காவிட்டால், லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயைச் சோப்புக் கரைசலுடன் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கிறோம். உச்சி வெயிலில் எண்ணெய் தெளித்தால் இலை வெந்துவிடும். பறித்த கீரையை எங்கள் பகுதியில் மூன்று தண்ணீரில் அலசாமல் யாரும் அடுப்பில் ஏற்றுவதில்லை.

உரத்தைப் பொறுத்தவரை எங்களுக்குக் காசிமேடு பக்கம் என்பது பெரும் வசதி. மீன் வெட்டும் இடத்தில் கிடைக்கும் குடலையும் செவுளையும் சம எடை வெல்லத்துடன் கலந்து, மூடியுள்ள வாளியில் ஊறவைத்து மீன் அமிலம் தயாரிக்கிறோம். நன்றாக நொதித்துவிட்டால் நாற்றம் போய், பழம் ஊறியதைப் போன்ற மணம் வரும். அதுவரை வாளியின் மேல் கல் வைக்காவிட்டால் அந்தத் தெருப் பூனைகள் அனைத்தும் உறுப்பினர்களாகிவிடும். இதில் கவனிக்க வேண்டியது காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால், சித்திரையிலும் வைகாசியிலும் கழிவு சரியாகக் கிடைப்பதில்லை. ஆடி விதைப்புக்குப் பிறகு தெளிக்கத் தேவையானதைப் பங்குனியிலேயே ஊறவைத்துவிடுகிறோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து எண்ணூர்ப் பகுதிக்குள் புகுந்தது பலருக்கும் நினைவிருக்கும். எங்கள் தோட்டத்தின் தாழ்ந்த பகுதியில் நீர் வடிந்த பிறகு, கத்தரித் தண்டுகளில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புக் கோடு படிந்திருந்தது. செடிகளை மட்டும் பிடுங்கிவிட்டு மீண்டும் விதைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். பெரும்பாலோர் அதற்கு உடன்படவில்லை. அந்தப் பாத்திகளின் மண்ணை முழுவதும் அள்ளி வெளியேற்றிவிட்டு, புதிய செம்மண்ணும் மட்கிய எருவும் போட்டு, தரைமட்டத்துக்கு மேல் செங்கல் அடுக்கி உயர்த்தினோம். அதுவரை அங்கே விளைந்த எதையும் உண்ணவில்லை. உண்ணும் பொருளை விளைவிக்கும் இடத்தில், சந்தேகம் வந்த மண்ணோடு பேரம் பேசக் கூடாது என்பது என் கருத்து.

வியாசர்பாடியிலிருந்து

புரட்டாசியை எங்களிடம் விட்டுவிட்டதால் எழுதுகிறேன். அந்த மாதத்தில் நாங்கள் ஒரு விதைகூடப் போடுவதில்லை. முழுவதும் மண்வெட்டி வேலைதான். பாத்திகளுக்கு நடுவில் உள்ள நடைபாதையை வெட்டி ஆழமாக்கி, அந்த மண்ணை இரு புறமும் ஏற்றி, மேட்டுப்பாத்தியை ஓர் அடிக்குக் குறையாமல் உயர்த்துகிறோம். நடைபாதையே வாய்க்காலாகித் தெரு மழைநீர் வடிகாலில் போய்ச் சேர வேண்டும். வேர் நீரில் மூழ்கியிருக்கும்போது மண்ணில் காற்று இல்லாமல் மூச்சுத் திணறுகிறது. தலைக்கு மேல் மழை பெய்துகொண்டிருக்கையிலேயே செடி தண்ணீர் இல்லாததைப் போல வாடி நிற்பதற்குக் காரணம் இதுதான். அதைப் பார்த்து மேலும் நீர் ஊற்றியவர்களையும் நான் சந்தித்திருக்கிறேன்.

முருங்கையைப் புரட்டாசியிலேயே கிளை வெட்டிக் கவாத்து செய்துவிட வேண்டும். அதன் கிளை காற்றுக்கு நிற்காது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வீசியபோது நகரம் முழுவதும் மரங்கள் விழுந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பந்தலுக்குக் கட்டியிருக்கும் கயிற்றையும் அப்போதே மாற்றிவிடுகிறோம். வெயிலில் உலர்ந்து இற்றுப்போன கயிறு, காயும் மழைநீரும் சேர்ந்த பாரத்தைத் தாங்காது.

ஐப்பசி, கார்த்திகையில் வேலை கொஞ்சம்தான்; ஆனால் நாள்தோறும் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் இரவோடு இரவாக நாற்றுப் பாத்தியைத் தின்று தீர்த்துவிடும். நனைத்த சாக்கின் கீழ்ப் பப்பாளி இலையைப் போட்டு வைத்தால், விடியற்காலையில் அவை அங்கே கூடியிருக்கும். கையுறை அணிந்து பொறுக்கி, உப்புக் கரைசல் உள்ள வாளியில் போட்டுவிடலாம். அந்த வாளியை மட்டும் பாத்தியில் கவிழ்த்துவிடாதீர்கள். தேங்கிய நீரில் வெறுங்காலுடன் இறங்குவதை நாங்கள் அறவே தடை செய்திருக்கிறோம். எலியின் சிறுநீர் கலந்த நீர் காலில் உள்ள சிறு புண் வழியாகக் காய்ச்சலைக் கொடுத்துவிடும். வாசலில் எல்லோருக்கும் பொதுவாக இரண்டு இணை ரப்பர் பூட்ஸ் வைத்திருக்கிறோம்.

இந்தக் காலத்தில்தான் கொசு ஒழிப்புப் பணியாளர்களும் வருவார்கள். முதல் முறை வந்த அம்மையார், எங்கள் மழைநீர்ப் பீப்பாய்க்குள் கைவிளக்கை அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார். நாங்கள் நிம்மதி அடைந்த நேரத்தில், பந்தல் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த பழைய டயரைப் புரட்டினார். உள்ளே நெளிந்த புழுக்களைக் கரண்டியில் எடுத்து எல்லோருக்கும் காட்டினார். இப்போது பீப்பாய்களை வேட்டித் துணியால் கட்டி மூடுகிறோம். டயருக்குத் தோட்டத்தில் இடமில்லை.

கொளத்தூரிலிருந்து

மூவரின் அனுபவமும் மிகவும் உதவியாக இருந்தது. எங்கள் தோட்டம் புதியது. இரண்டு ஐயங்கள் உள்ளன. வைகாசியில் பள்ளி விடுமுறைக்குப் பலரும் ஊருக்குப் போய்விடுகிறார்கள். அப்போது நீர் ஊற்றுவது யார், காய்களைப் பங்கிடுவது எப்படி? மற்றொன்று, நாங்கள் ஆடியில் நட்ட தக்காளி ஐப்பசியில் பூவெல்லாம் உதிர்த்துவிட்டு, பிடித்த காய்களும் வெடித்துவிட்டன. விதைதான் சரியில்லையா?

தண்டையார்பேட்டையிலிருந்து

முதல் கேள்விக்கு எங்கள் ஏற்பாடு இது: கோடையில் பாத்திகளைப் பாதியாகக் குறைத்துவிடுகிறோம். கொத்தவரை, பசலை, மணத்தக்காளி, பந்தலில் ஒரு பாகல் ஆகியவை மட்டும் இருக்கும். மற்றவை மூடாக்குக்குக் கீழே ஓய்வெடுக்கும். ஊரில் இருப்பவர்கள் நீர் ஊற்ற வேண்டும். அந்த மாதக் காய் முழுவதும் அவர்களுக்கே. ஊரிலிருந்து திரும்பியவர்கள் இதைப் பற்றி ஒரு சொல்லும் பேசக் கூடாது என்பது முதல் ஆண்டுக் கூட்டத்திலேயே எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிய விதி. மற்ற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்தவர்களுக்குக் காய். கீரை மட்டும் வந்தவர், வராதவர் என்ற பேதமின்றி எல்லோருக்கும். கீரையை வைத்துச் சண்டை போடுவதற்குள் அது வாடிவிடுகிறது.

கோடையில் வேலையாட்கள் குறைவு என்பதால் களையும் வளர்ந்துவிடும். சென்ற கோடையில் நடைபாதையோரம் படர்ந்திருந்ததை எங்கள் இளைஞர் ஒருவர் வெட்டிக் குவித்துக்கொண்டிருந்தபோது, எதிர்க்கட்டடத்து ஆயா ஓடிவந்து, "இத்த ஏம்பா வெட்டிப் போடுற, மூக்கிரட்டக் கீர இது, எனக்குக் குடு" என்று முந்தானையில் வாரிக்கொண்டார். அவர் சமைத்துக் கொடுத்ததை உண்ட பிறகு, நடைபாதையோரத்தை அப்படியே விட்டு வைத்திருக்கிறோம். ஆழமாக வேர் விடும் அந்தக் கொடிக்குக் கோடையில் நாம் ஒரு குவளை நீரும் ஊற்ற வேண்டியதில்லை.

தக்காளியைப் பொறுத்தவரை விதையின் மேல் குறை சொல்ல வேண்டாம். காலம்தான் தவறு. தொடர்மழையில் மகரந்தம் நனைந்து பூ உதிரும். வறண்டிருந்த மண் திடீரென நீரைக் குடிக்கும்போது காயின் தோல் ஈடுகொடுக்க முடியாமல் வெடிக்கும். கார்த்திகை தீபத்தை ஒட்டிக் குழித்தட்டில், மேலே ஒரு தாளை மறைப்பாகக் கட்டி விதையுங்கள். மார்கழிக் கடைசியில் நட்டால், மாசி இறுதியிலிருந்து சித்திரைப் பிறப்பு வரை பறிக்கலாம். அதன் பின் இரவுச் சூடு கூடிப் பூ மீண்டும் உதிரத் தொடங்கும். அப்போது செடிகளை வேரோடு எடுத்துவிட்டு, அதே பாத்தியில் கத்தரியோ மிளகாயோ வைக்காமல் கொத்தவரையைப் போடுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம் என்பதால், தக்காளியிடமிருந்து மண்ணில் தங்கிய வாடல் நோய் அடுத்ததற்கும் வந்துவிடும்.