புதிதாக அசெம்பிள் செய்த கணினியில் சவுண்ட் டிரைவர் ஏறவில்லை, உதவுங்க

கேள்வி: கோபியிலிருந்து

வணக்கமுங்க. போன ஞாயிற்றுக்கிழமை உதிரி பாகங்கள் வாங்கி நானே ஒரு கணினி அசெம்பிள் செய்தேன். இன்டெல் பி760 சிப்செட் மதர்போர்டு, விண்டோஸ் 11. படம் வருகிறது, இணையம் வருகிறது, சத்தம் மட்டும் இல்லை.

எனக்கு இதில் அவசரம் இருக்கிறது. எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) உடுக்கை அடித்துப் பாடியதை 1989-ல் கோயில் திண்ணையில் வைத்துப் பதிவுசெய்த கேசட் ஒன்று வீட்டில் இருக்கிறது. அவர் போய்ச் சேர்ந்து பல வருடமாகிவிட்டது. அமுச்சிக்கு (அம்மாவின் அம்மா) இப்போது எண்பத்தாறு வயது. பத்து நாளில் மாரியம்மன் நோம்பி, ஒறம்பரை எல்லாம் வருவார்கள். அதற்குள் கேசட்டைக் கணினியில் ஏற்றி அவர் குரலை அமுச்சிக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

போர்டோடு வந்த சிடியைப் போட என்னிடம் டிரைவ் இல்லை. அதனால் எல்லா டிரைவரையும் (பாகங்களை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) தானே தேடிப் போடும் என்று சொன்ன ஒரு மென்பொருளை இறக்கி ஓட்டினேன். சவுண்ட் டிரைவர் பாதி ஓடி, இன்ஸ்டால் ஆகவில்லை என்று நின்றுவிட்டது. மூன்று முறையும் அதே கதைதான். டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தினால் மானிட்டர் பெயர் மட்டும் வருகிறது. அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. டிவைஸ் மேனேஜரில் "மல்டிமீடியா ஆடியோ கண்ட்ரோலர்" என்பதன் மேல் மஞ்சள் ஆச்சரியக்குறி நிற்கிறது. போர்டே பழுதுங்களா? ஒருமுறை பூட்டிய போர்டைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று வாங்கிய கடையில் சொல்லிவிட்டார்கள். ரொம்ப வெசனமாக இருக்கிறது.

பதில்: ஈரோட்டிலிருந்து

தம்பி, பயப்பட வேண்டாம். மானிட்டர் பெயர் வருவது சரிதான், எச்டிஎம்ஐ கேபிள் படத்தோடு சத்தத்தையும் கொண்டுபோகும். முதலில் பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறும் முன் வரும் போர்டின் அமைப்புப் பக்கம்) போய் எச்டி ஆடியோ கண்ட்ரோலர் "எனேபிள்" என்று இருக்கிறதா பாருங்க. அப்புறம் அந்த மஞ்சள் குறி மேல் வலது சொடுக்கு, பிராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், அதில் ஹார்டுவேர் ஐடி. "வென்" (VEN) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் நான்கு இலக்கத்தை மட்டும் எழுதுங்க.

பதில்: பொள்ளாச்சியிலிருந்து

என் பங்குக்கு ஒன்று. பென்டிரைவில் உபுண்டு (விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளம்) போட்டு, இன்ஸ்டால் செய்யாமல் அப்படியே பூட் செய்து பார்க்கலாம். பின்பக்கப் பச்சை ஓட்டையில் ஹெட்போன் சொருகுங்க. அங்கே சத்தம் வந்தால் போர்டு நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிடும், அலைச்சல் மிச்சம்.

கேட்டவர்

பயாஸில் எனேபிள் என்றுதான் இருக்கிறது. ஐடியில் வருவது 8086. உபுண்டுவில் பாட்டு கணீரென்று கேட்டதுங்க! அப்படியென்றால் விண்டோஸில் ஏன் ஏறவில்லை?

பதில்: ஈரோட்டிலிருந்து

நல்ல சேதி. 8086 இன்டெல்லின் எண். சத்தத்துக்கான சில்லு செய்யும் ரியல்டெக்கின் எண் 10இசி. நீங்கள் பார்த்த மஞ்சள் குறி சிப்செட்டுக்குள், அதாவது போர்டின் முக்கிய இன்டெல் சில்லுக்குள், இருக்கும் கண்ட்ரோலருடையது. சத்தத்தைத் தரும் ரியல்டெக் சில்லு அந்தக் கண்ட்ரோலருக்குப் பின்னால்தான் இருக்கிறது. கண்ட்ரோலருக்கு டிரைவர் இல்லாதவரை, அப்படி ஒரு சில்லு இருப்பதே விண்டோஸுக்குத் தெரியாது. நீங்கள் கோபிக்காரர், தடப்பள்ளி வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்க. தலைமடை அடைத்திருக்கும்போது கடைமடையில் போய் மண்வெட்டி போட்டு என்ன ஆகும்? நீங்கள் மூன்று முறை செய்தது அதுதான்.

இனி வரிசை முக்கியம். அந்தத் தானியங்கி மென்பொருளையும் அது போட்டதையும் முதலில் நீக்குங்க. போர்டு தயாரிப்பாளரின் தளத்துக்குப் போங்க. போர்டின் மேலேயே அச்சிட்டிருக்கும் மாடல் பெயரை ஓர் எழுத்துகூட விடாமல் பாருங்க, ரிவிஷன் எண்ணும் அங்கேயே இருக்கும். ஒரே பெயரில் டிடிஆர்4, டிடிஆர்5 (நினைவக வகைகள்) என்று இரண்டு போர்டு வருவதுண்டு. சிப்செட் டிரைவரைப் போட்டு ரீஸ்டார்ட். பிறகு அதே பக்கத்தில் இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட் டிரைவர் (அந்தக் கண்ட்ரோலருக்கு உரியது) தனியாக இருந்தால் அதைப் போட்டு மறுபடி ரீஸ்டார்ட். இந்த இடத்தில் மஞ்சள் குறி போயிருக்க வேண்டும். போன பிறகே ரியல்டெக் ஆடியோ. சில போர்டுகளில் ஸ்மார்ட் சவுண்ட், ரியல்டெக் தொகுப்புக்குள்ளேயே சேர்ந்திருக்கும், அப்போது ஒரே வேலை.

கேட்டவர்

அண்ணா, சொன்ன மாதிரியே செய்தேன். ஸ்மார்ட் சவுண்ட் போட்டதும் மஞ்சள் குறி காணோம், ரியல்டெக் ஒரே தடவையில் ஏறிவிட்டது. பின்பக்கம் சத்தம் வருகிறது. முன்பக்க ஜாக்கில் மட்டும் இல்லை. கேசட் பிளேயரை எந்த ஓட்டையில் சொருகுவது? இளஞ்சிவப்பில் போட்டுப் பார்த்தேன், கரகரவென்று உடைந்து வருகிறது.

பதில்: திருப்பூரிலிருந்து

முன்பக்க ஜாக்குக்கு கேபினெட்டிலிருந்து "எச்டி ஆடியோ" என்று எழுதிய ஒரு வயர் வரும். போர்டின் கீழ் விளிம்பில், பெரும்பாலும் இடது ஓரத்தில், ஒன்பது ஊசி உள்ள இடம் அதற்கு. பக்கத்திலேயே யூஎஸ்பிக்கும் ஒன்பது ஊசி இருக்கும், ஆனால் ஊசி இல்லாத இடம் இரண்டிலும் வேறு வேறு. இறங்காவிட்டால் அழுத்தாதீங்க, ஊசி வளைந்துவிடும்.

கேசட்டுக்கு நீல ஓட்டைதான், லைன் இன். இளஞ்சிவப்பு மைக்குக்கு உரியது. மைக் தருவது சில மில்லிவோல்ட், பிளேயரின் லைன் அவுட் தருவது ஒரு வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு. அதை மைக் ஓட்டையில் விட்டால் உடையத்தான் செய்யும். விண்டோஸ் சவுண்ட் அமைப்பில் "ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்" எல்லாவற்றையும் அணைத்துவிடுங்க. இரைச்சல் நீக்குகிறேன் என்று அது உடுக்கைச் சத்தத்தையே தின்றுவிடலாம்.

முக்கியமானது, கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு மூலையிலும் உள்ள சின்னப் பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிடுங்க. தவறி ரெக்கார்டு பட்டன் அழுந்தினாலும் அப்புச்சி குரல் அழியாது. நாடாவை அழுத்தும் சின்னப் பஞ்சு கழன்றிருக்கிறதா என்றும் பாருங்க, பழைய கேசட்டில் பசை காய்ந்துபோயிருக்கும்.

கேட்டவர்

முன்பக்க வயர் கேபினெட்டின் பின்தட்டில் டையோடு கட்டியபடியே கிடந்தது, சொருகியதும் வந்துவிட்டது. கேசட்டின் பஞ்சு நன்றாகத்தான் இருந்தது, நாக்கு இரண்டையும் உடைத்துவிட்டேன். முதலில் ம்ம் என்று ஓர் இரைச்சல் இருந்தது. கணினியையும் பிளேயரையும் எர்த் உள்ள ஒரே பிளக்பாக்ஸில் போட்டதும் அது நின்றது.

நேற்றுப் பொழுதோட ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் முதல் பக்கம் அரை மணி நேரமும் பதிந்தேன். அமுச்சி நாற்காலியை ஸ்பீக்கர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக் கேட்டார். நடுவில் அப்புச்சி இருமிவிட்டுத் தண்ணீர் கேட்கிறார், ஒரு சொம்பு திண்ணையில் வைக்கும் சத்தம் கேட்கிறது. "அது நான் கொண்டுபோய் வெச்சது" என்றார் அமுச்சி. மறுபடி அந்த இடத்தைப் போடச் சொன்னார். இன்று இரண்டாம் பக்கம். எல்லோருக்கும் நன்றிங்க.