அலுவலகத்தில் காகிதக் கோப்பை, ஏசி, குப்பை: கண்டிக்காமல் பணியாளர்களைப் பழக்குவது எப்படி?

கேள்வி: அலுவலக நிர்வாகி, கோவை

வணக்கம். கோவை ஆர்.எஸ். புரத்தில், வாடகைக் கட்டடத்தின் ஒரு தளத்தில் இயங்கும் தணிக்கை அலுவலகம் ஒன்றின் நிர்வாகப் பணிகளைக் கவனித்துவருகிறேன். பயிற்சி மாணவர்களையும் சேர்த்து எழுபது பேர் இருக்கிறோம். சென்ற ஆண்டு ஜூன் 5 அன்று, உலகச் சுற்றுச்சூழல் நாளை முன்னிட்டு எல்லோரும் உறுதிமொழி எடுத்துக்கொண்டோம். ஆளுக்கொரு மரக்கன்று கொடுத்தோம். 'மின்சாரத்தைச் சேமிப்போம்' என்று அச்சிட்டு ஒவ்வொரு சுவிட்சுப் பலகைக்கு மேலும் ஒட்டினோம். ஒட்டிய தாள் இன்னும் கிழியாமல் இருக்கிறது. அதற்குக் கீழேயே, ஆளில்லாத கூட்ட அறையில் விளக்கும் ஏசியும் ஓடிக்கொண்டிருக்கின்றன. காலையும் மாலையும் தேநீர் காகிதக் கோப்பையில்தான் வருகிறது. நாளொன்றுக்கு 140 கோப்பைகள் என்று கணக்கிட்டால், மாதத்துக்கு ஏறத்தாழ 3,500 கோப்பைகள் குப்பைக்குப் போகின்றன. பச்சை, நீல நிறங்களில் தனித்தனிக் குப்பைத்தொட்டிகள் வாங்கி வைத்தும், சாம்பார் வழியும் பார்சல் பையும் பழைய தாள்களும் ஒரே தொட்டியில்தான் கிடக்கின்றன.

அபராதம் விதிப்பதில் பங்குதாரர்களுக்கு விருப்பமில்லை, எனக்கும் இல்லை. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தணிக்கை அறிக்கைகளுக்காக இரவு வரை உட்கார்ந்திருப்பவர்களிடம் போய்க் கோப்பையைப் பற்றி உபதேசம் செய்ய மனம் வருவதில்லை. நடைமுறையில் செய்து பார்த்தவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: மனிதவளப் பிரிவு, பின்னலாடை நிறுவனம், திருப்பூர்

கோப்பையிலிருந்து தொடங்குங்கள், எழுபது பேரும் நாள் தவறாமல் கையில் எடுக்கும் பொருள் அது ஒன்றுதான். காகிதக் கோப்பை என்று சொன்னாலும் அதன் உட்புறத்தில் மெல்லிய பாலித்தீன் பூச்சு இருக்கிறது; அது இல்லாவிட்டால் தேநீர் ஊறி ஒழுகிவிடும். 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை செய்த ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கோப்பையும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள், இத்தகைய கோப்பையில் 100 மில்லிலிட்டர் சூடான நீர் 15 நிமிடம் இருந்தால் ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றன என்று கண்டறிந்தார்கள். சட்டத்தைச் சொன்னால் காதில் வாங்காதவர்கள்கூட, தாம் குடிக்கும் தேநீரில் என்ன கலக்கிறது என்று சொன்னால் நின்று கேட்பார்கள்.

கேட்பது வேறு, செய்வது வேறு. யார் கழுவுவது என்ற கேள்விக்கு விடை கிடைக்காதவரை எந்த அலுவலகத்திலும் காகிதக் கோப்பை ஒழியாது. எங்கள் நிறுவனத்தில் முதலில் எவர்சில்வர் டம்ளர்களை மொத்தமாக வாங்கிவிடலாம் என்றுதான் பேச்சு வந்தது. சூடு கையில் ஏறும் என்று பலர் தயங்கினார்கள்; பிறர் வாய் வைத்ததில் குடிப்பதா என்ற எச்சில் உணர்வு, யாரும் வெளியே சொல்லாத இன்னொரு காரணம். காகிதக் கோப்பை நம் ஊர்களில் இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு அந்த உணர்வும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ஆகவே அவரவர் பெயர் எழுதிய பீங்கான் குவளைகளை நிறுவனமே வாங்கிக் கொடுத்தது. தேநீர் மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய தொட்டியும் குழாயும் அமைத்து, சோப்பும் தேய்க்கும் நாரும் வைத்து, ஈரம் வடியக் கம்பித் தட்டு ஒன்றும் பொருத்தினோம். கழிவறைக்குப் போய்க் கழுவிவரச் சொல்லியிருந்தால் ஒருவரும் கழுவியிருக்கமாட்டார்கள். காகிதக் கோப்பை வாங்குவதையும் அன்றோடு நிறுத்திவிட்டோம்; அலமாரியில் ஒரு கட்டு மீதமிருந்தாலும் கை அங்கேதான் போகும். வெளியிலிருந்து வருபவர்களுக்குத் தனியாகக் கண்ணாடிக் குவளைகள் உண்டு. அவற்றைக் கழுவும் வேலை தேநீர் கொண்டுவருபவருடையது என்பதால், அதற்கென்று அவர் சம்பளத்தையும் உயர்த்தினோம். பணம் கொடுக்காமல் இந்த வேலையை அவர் தலையில் கட்டுவது நியாயமாகாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை இருந்த மண் இது. அலுவலர்களுக்குப் பெயர் எழுதிய குவளை, காவலாளிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் மட்டும் காகிதக் கோப்பை என்று விட்டுவிட்டால், சுற்றுச்சூழலின் பெயரால் பழைய பாகுபாட்டுக்கு உயிர் கொடுத்ததாகிவிடும். எல்லோருக்கும் ஒரே வகைக் குவளை, ஒரே தட்டு என்பதை முதல் நாளே உறுதிப்படுத்திவிடுங்கள்.

மறுமொழி: ஏசி பராமரிப்புத் தொழில் செய்பவர், பொள்ளாச்சி

ஏசியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ரிமோட்டில் 18 வைத்தால் அறை விரைவாகக் குளிர்ந்துவிடும் என்று பெரும்பாலானோர் நம்புகிறார்கள். அப்படிக் குளிராது, 18-ஐ எட்ட முயன்று கம்ப்ரசர் ஓயாமல் ஓடுவதுதான் மிச்சம். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. நட்சத்திரக் குறியீடு பெறும் அறை ஏசிகள் 2020 முதல் 24 டிகிரியில் தொடங்குமாறு அமைக்கப்பட்டு வருவதும் இதற்காகத்தான். 25-இல் வைத்து மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால் யாருக்கும் புழுங்காது.

ஆனால் ரிமோட்டை மறைத்து வைப்பதற்கு முன், யார் 18 வைக்கிறார்கள் என்று பாருங்கள். நான் போகும் அலுவலகங்களில் பெரும்பாலும் அவர் மேற்குச் சன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மாலை வெயில் கண்ணாடி வழியாக அவர் முதுகில் விழும். அவர் கூட்டும் குளிரில், ஏசிக்கு நேர் எதிரே இருக்கும் பெண் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு வேலை செய்வார். அந்தச் சன்னலுக்கு ஒரு தடித்த திரை போட்டுவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். வடிகட்டியை மாதந்தோறும் கழுவுங்கள். அதில் தூசி அடைத்திருந்தால் எந்த எண்ணில் வைத்தாலும் குளிராது.

கோவைக்காரர்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஊரையே குளிர்விக்கிறது. அந்த மாதங்களிலும் சன்னலை அடைத்து ஏசி போடும் அலுவலகங்களைப் பார்த்தால், தொழில் எனக்கு வருமானம் தந்தாலும், வருத்தமாகத்தான் இருக்கிறது.

மறுமொழி: கட்டடப் பராமரிப்பு மேற்பார்வையாளர், சென்னை

குப்பையைப் பொறுத்தவரை, பணியாளர்களைத் திருத்துவதற்கு முன், மாலையில் அலுவலகம் முடிந்த பிறகு உங்கள் பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் எங்கே போகின்றன என்று ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பாருங்கள். பல கட்டடங்களில் நான் கண்டது இதுதான்: இரண்டையும் ஒரே கறுப்புப் பையில் கவிழ்த்து, அந்தப் பையை வாசலில் வைத்துவிடுவார்கள். துப்புரவுப் பணியாளர்மீது குற்றமில்லை. தரப்படுவது ஒரே பை, ஏற்றிச்செல்ல வருவது ஒரே வண்டி என்றால் அவர் வேறு என்ன செய்வார்? இதை ஒரே ஒரு முறை பார்த்த ஊழியர்கூட அதற்குப் பிறகு பிரித்துப் போடமாட்டார். பிரித்துப் போடுபவரைப் பார்த்துச் சிரிக்கவும் செய்வார். மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு உபயோகத்தில் சேரும் தீங்கான கழிவு என்று பிரித்துக் கொடுக்க வேண்டியது குப்பையை உருவாக்குபவரின் பொறுப்பு என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன. ஆகவே மாநகராட்சி வண்டி உங்கள் தெருவில் எதை எப்போது எடுக்கிறது என்று கேட்டறிந்து, அதற்கேற்ப இரண்டு நிறப் பைகள் வாங்கிக் கொடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பிரித்த குப்பையும் கோவையின் வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கில் பிற குப்பையோடு ஒன்றாகத்தான் கிடக்கும்.

அடுத்து, மேசைக்கு அடியில் இருக்கும் தனித்தனிக் கூடைகளை எடுத்துவிடுங்கள். காலடியில் கூடை இருக்கும்வரை எல்லாம் அதில்தான் விழும். சாப்பாட்டு அறையில் எச்சில் உணவுக்கு ஒரு தொட்டி, அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் தாளுக்கு ஒன்று என்று, அந்தக் குப்பை உருவாகும் இடத்திலேயே தொட்டியை வையுங்கள். பழைய தாள் விற்ற பணம் துப்புரவுப் பணியாளருக்கே என்று அறிவித்தால், ஈரம் படாமல் அவரே பார்த்துக்கொள்வார். உங்களுடையது தணிக்கை அலுவலகம் என்பதால், வாடிக்கையாளர் விவரம் உள்ள தாள்களைத் துண்டாக்கிய பிறகே வெளியே விட வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை கீழ்த்தளத்தில் நின்று பார்த்தேன். சென்னை நண்பர் சொன்னது போலவே இரண்டு தொட்டிகளும் ஒரே பையில் கவிழ்ந்தன. காவலாளிக்கும் குவளை என்ற கருத்தைப் பங்குதாரர்கள் உடனே ஏற்றுக்கொண்டார்கள். அச்சிடுவதைக் குறைக்கவும், பலன் உண்டா என்று அளந்து பார்க்கவும் வழி உண்டா?

மறுமொழி: மனிதவளப் பிரிவு, பின்னலாடை நிறுவனம், திருப்பூர்

இருபக்கம் அச்சிடுவதை ஒவ்வொரு கணினியிலும் இயல்பான அமைப்பாக மாற்றிவிடச் சொல்லுங்கள். ஒருபக்கம் வேண்டும் என்பவர் ஒரு சொடுக்குக் கூடுதலாகச் செய்யட்டும். ஒருபுறம் வெறுமையாக உள்ள தாள்களில் வாடிக்கையாளர் விவரம் இல்லாதவற்றை மட்டும் நூலில் தைத்துக் குறிப்பேடாகக் கொடுக்கலாம். வாங்கியே ஆக வேண்டிய தாளுக்கு, கரூர் மாவட்டம் புகளூரில் உள்ள டிஎன்பிஎல் (தமிழ்நாடு செய்தித்தாள், காகித நிறுவனம்) ஆலை கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாகக் கொண்டு தயாரிக்கும் தாளைக் கேட்டுப் பாருங்கள்.

அளப்பதற்குத் தனியாகப் படிவம் எதுவும் வேண்டாம். கோப்பைக்கும் தாளுக்கும் கொள்முதல் ரசீதுகளே போதும். நீங்கள் தணிக்கைக்காரர்கள், ரசீது எங்கே இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மின்கட்டணத்தை மட்டும் முந்தைய பட்டியலோடு ஒப்பிடாதீர்கள். சென்ற ஆண்டின் அதே மாதங்களுக்கான பட்டியலை எடுத்து, ரூபாயைப் பார்க்காமல் யூனிட்டைப் பாருங்கள். கட்டண உயர்வு நடுவில் வந்திருந்தால் ரூபாய்க் கணக்கு உங்களை ஏமாற்றிவிடும். கட்டட உரிமையாளர் தளவாரியாகத் தனி மீட்டர் வைத்திருக்கிறாரா, அல்லது மொத்தக் கட்டணத்தைச் சதுரஅடிக்குப் பிரித்து வாங்குகிறாரா என்பதையும் முதலில் கேட்டுவிடுங்கள். பிரித்து வாங்குகிறார் என்றால் நீங்கள் சேமிக்கும் மின்சாரத்தின் பலனில் பெரும்பகுதி மேல்தளத்துக்காரருக்குப் போய்விடும். குவளை வாங்குவதற்கு முன்பே தனி மீட்டருக்கு எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.