உயிரியல் இளநிலைப் பட்டத்துக்குப் பின் எந்த வழி? அனுபவமுள்ளோரின் ஆலோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம். நான் உயிரியல் இளநிலைப் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். இறுதியாண்டுக்கான விருப்பப் பாடங்களை விரைவில் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதால், இத்துறையில் பணிபுரிவோரின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மருத்துவ இடம் கிடைக்காதவர்களின் படிப்பு என்று சிலர் இதை ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நான் விரும்பியே இதில் சேர்ந்தேன். மூலக்கூறு உயிரியலும் மரபியலுமே என்னை ஈர்க்கின்றன. மனித மரபணுத்தொகுதித் திட்டம் 2003-இல் நிறைவடைந்த பின் டிஎன்ஏ வரிசைப்படுத்தும் செலவு பெருமளவு குறைந்து தரவுகள் குவிந்துவிட்டதால், ஆய்வகத்தில் பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பல படிகளாகப் பெருக்கும் முறை) செய்யத் தெரிந்தவரைப் போலவே, பைத்தான் அல்லது ஆர் நிரல்மொழியில் அத்தரவுகளைப் பகுத்தாயத் தெரிந்தவரும் இன்று தேவைப்படுகிறார். புரதங்களின் அமைப்பைக் கணிக்கும் ஆல்பாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளை உருவாக்கியவர்கள் 2024-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதும் உயிரியல் தரவுகளைக் கணினி கொண்டு ஆராயும் உயிர்த்தகவலியலை நோக்கியே என்னை இழுக்கிறது. ஆனால் நுண்ணுயிரியலை எடுத்தால் உணவு, மருந்துத் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இளநிலைப் பட்டத்துடனேயே வேலைக்குச் செல்ல முடியும் என்கிறார்கள்.

உயிர்த்தகவலியல் பணிகளுக்கு முதுநிலைப் பட்டம் கட்டாயமா, அல்லது புள்ளியியலும் நிரலாக்கமும் கற்று, பொதுவெளியில் கிடைக்கும் மரபணுத் தரவுகளைக் கொண்டு சில செயல்திட்டங்களைச் செய்து காட்டினால் போதுமா? முனைவர் பட்டம் வரை செல்லும் எண்ணம் இப்போதைக்கு எனக்கில்லை. மருத்துவப் பரிசோதனை (புதிய மருந்துகளை மனிதர்களிடம் சோதிக்கும் ஆய்வு) ஒருங்கிணைப்பு, அறிவியல் எழுத்து ஆகிய பணிகளுக்குச் சென்றவர்கள் இருந்தால், தங்கள் முதல் வேலை எவ்வாறு கிடைத்தது என்பதையும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.