மூன்று நாள் பயணம்: வடுவூர், கொடியக்கரை, முத்துப்பேட்டை – எந்த மாதம் ஏற்றது?

குடந்தைப் பயணி:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கும்பகோணத்தில் வசிக்கிறோம். ஆண்டுதோறும் பிள்ளைகளின் விடுமுறைக்கு ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ சென்று வருவது எங்கள் வழக்கம். சென்ற மே மாதம் மலைப்பாதையில் வண்டி வரிசையிலேயே அரை நாள் கழிந்தது. எழுபத்தைந்து வயதான என் மாமனாருக்கு அந்த வளைவுகள் ஒத்துக்கொள்ளவில்லை. ஊர் திரும்பிய பிறகும் இரண்டு நாள் படுத்தே கிடந்தார்.

அவருடைய பூர்விகம் நீடாமங்கலம் பக்கம். வாழ்நாள் முழுவதும் கோரையாற்றுப் பாசனத்தில் நெல் விளைவித்தவர். அடுத்த விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தபோது, "பூம்புகாரைப் பலமுறை பார்த்தாயிற்று. ஐம்பது வருடம் என் வயலுக்குப் பாய்ந்த கோரையாறு கடலைத் தொடுகிற இடத்தை மட்டும் ஒரு நாளும் பார்த்ததில்லை, அம்மா" என்றார். அந்தச் சொல் என் மனத்தில் தங்கிவிட்டது. அதனால் இந்த முறை மலைக்குப் போகாமல், நம் டெல்டாவுக்குள்ளேயே வடுவூர் ஏரி, கொடியக்கரைச் சரணாலயம், முத்துப்பேட்டை அலையாத்திக் (மாங்குரோவ்) காடு மூன்றையும் மூன்று நாளில் பார்க்கலாம் என்று எண்ணியிருக்கிறோம்.

என் ஐயங்கள் இவை. அரையாண்டு விடுமுறையில் செல்வது நல்லதா, பொங்கலை ஒட்டிச் செல்வது நல்லதா? முழங்கால் வலி உள்ள பெரியவர் முத்துப்பேட்டைப் படகில் ஏறி இறங்க முடியுமா? பத்து வயது மகனுக்குப் பூநாரைகளை (ஃபிளமிங்கோ) கட்டாயம் பார்த்தாக வேண்டுமாம். அவை கண்ணில் படும் என்று நம்பி அவனை அழைத்துச் செல்லலாமா? நேரில் சென்று பழகியவர்கள் விரிவாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.

வேதாரண்யம் வாசி:

சகோதரிக்கு வணக்கம். கொடியக்கரையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்ற இரண்டு ஊர்களையும் அந்தந்த ஊர்க்காரர்கள் சொல்வதே முறை.

பூநாரைதான் மகனின் ஆசை என்றால், டிசம்பரைத் தவிர்த்து ஜனவரி கடைசிக்குத் தள்ளி வையுங்கள். பூநாரை தன் வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, சேற்று நீரை உறிஞ்சி வடிகட்டி, அதிலுள்ள சிற்றுயிர்களையும் பாசியையும் தின்னும் பறவை. அதற்கு ஆழமற்ற உப்பு நீர் வேண்டும். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டில் டிசம்பர் முடியும் வரை எங்கள் சதுப்பு நிலம் நிறைந்து கிடக்கும். நீர் ஆழமாகவும் உப்புக் குறைவாகவும் இருக்கும்போது அவை கூட்டமாக ஓரிடத்தில் நிற்பதில்லை. தை பிறந்து நீர் வடியத் தொடங்கிய பின்னர்தான் உப்பளங்களை ஒட்டிய திட்டுகளில் வெண்மையும் இளஞ்சிவப்புமாக நீண்ட வரிசைகள் தெரியும். அப்போதும் அவை தொலைவில்தான் நிற்கும். பைனாகுலர் இல்லாமல் வந்தால் பிள்ளை ஏமாந்து போவான். இரவல் வாங்கியாவது கொண்டு வாருங்கள். பறவை இன்ன நாளில் இன்ன இடத்தில் இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது என்பதையும் முன்கூட்டியே அவனிடம் சொல்லி வைப்பது நல்லது.

ஆனால் கொடியக்கரைக்கு வந்துவிட்டுப் பூநாரையை மட்டும் தேடுவது பெரிய இழப்பு. இந்தக் காடு 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதற்கு முதற்காரணம் வெளிமான். காலை வெயில் ஏறுவதற்கு முன் புல்வெளி ஓரத்தில் வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல் கால் மணி நேரம் உட்கார்ந்திருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு பழுப்பு நிறப் புல்லுக்குள்ளிருந்து பழுப்பு நிறப் பெண்மான்களின் காதுகள் ஒவ்வொன்றாகத் திரும்புவது தெரியும். கூட்டத்திலிருந்து சற்று விலகி, மேலெல்லாம் கருமையும் வயிறு வெண்மையுமாக, முறுக்கிய கொம்புகள் முதுகைத் தொடும்படி முகத்தை உயர்த்திக்கொண்டு ஆண்மான் நிற்கும். ஏதேனும் ஓர் ஓசை கேட்டால் அவை உடனே ஓடிவிடுவதில்லை. ஒரு பெண்மான் நின்ற இடத்திலேயே செங்குத்தாக ஒருமுறை துள்ளும், அதைப் பார்த்து அடுத்தது துள்ளும், அதன் பிறகுதான் கூட்டம் முழுவதும் பாயும். முப்பது ஆண்டுகளாகப் பார்க்கிறேன். அந்த முதல் துள்ளலில் இன்றும் என் மூச்சு ஒரு கணம் நின்றுபோகிறது.

வெளிமான்களைத் தவிர மட்டக்குதிரைகள், புள்ளிமான்கள், நரி ஆகியவையும் உண்டு. காட்டின் உட்பகுதியில் பாலை மரங்கள் அடர்ந்த உலர் பசுமைமாறாக் காடு இருக்கிறது. நம் கடற்கரையில் இத்தகைய காடு மிகச் சில இடங்களிலேயே எஞ்சியுள்ளது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல் இந்தக் காட்டைப் புரட்டிப்போட்டது. வேரோடு சாய்ந்த மரங்களையும், இறந்து கிடந்த மான்களையும் குதிரைகளையும் நான் கண்ணால் பார்த்தேன். இன்று தழைத்து நிற்பதைக் காணும்போது மனம் நிறைகிறது. ஆனால் புல்வெளிக்குள் பரவும் சீமைக்கருவேலம் மான்களின் மேய்ச்சல் நிலத்தைத் தொடர்ந்து விழுங்கி வருகிறது என்ற கவலையும் கூடவே இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். சென்ற ஆண்டு ஒரு சுற்றுலா வேன் புல்வெளி ஓரத்தில் பாட்டைச் சத்தமாக ஒலிக்கவிட்டபடி நின்றது. அதில் வந்த சிலர் குரங்குகளுக்கு முறுக்கும் பிஸ்கட்டும் வீசினார்கள். தின்று பழகிய குரங்குகள் இப்போது கடந்து செல்லும் வண்டிகளையெல்லாம் எதிர்பார்த்துச் சாலையிலேயே அமர்ந்து, சக்கரத்தில் சிக்கிச் சாகின்றன. உங்கள் வண்டியிலிருந்து எதுவும் வெளியே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்குவதற்கு வேதாரண்யமே வசதி. அங்கிருந்து சரணாலயம் பத்து கிலோமீட்டர் அளவுதான். வரும் வழியில் அகஸ்தியம்பள்ளி உப்பளங்களில் சற்று நிறுத்தி, தொழிலாளர்கள் மரப்பலகையால் பாத்தியிலிருந்து உப்பை வாரி வரப்பில் குவிப்பதை மகனுக்குக் காட்டுங்கள். 1930-இல் இராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய மண் இது என்பதை அங்கே நின்று சொன்னால் அவன் மறக்க மாட்டான்.

ஏரிக்கரை ஆசிரியர்:

மன்னார்குடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். வேதாரண்யத்து நண்பர் ஜனவரி கடைசி என்கிறார். அவர் ஊருக்கு அது சரி. வடுவூருக்கு அதைவிடச் சற்று முன்னதாகவே வருவது நல்லது என்பது என் கருத்து.

அம்மா, உங்கள் மாமனாருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, பிள்ளைக்காக எழுதுகிறேன். வடுவூர் ஏரி பறவைகளுக்கென்று வெட்டப்பட்டதன்று, பாசன ஏரி. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, ஆறுகளில் நீர் வந்து, வாய்க்கால் வழியே ஏரி நிரம்பிய பின்னர்தான் பறவைகள் வருகின்றன. மேட்டூரில் நீர் தாமதமானால் நாற்றங்காலும் தாமதமாகிறது, ஏரியும் தாமதமாகிறது, பறவைகளும் தாமதமாகின்றன. வழக்கப்படி ஜனவரி 28-இல் அணையை அடைத்துவிட்டால் ஏரி வற்றத் தொடங்கி, சித்திரையில் மாடு மேயும் தரையாகிவிடும். நீர் வராத ஓர் ஆண்டு, சென்னையிலிருந்து வந்த உறவினர்களைப் பிப்ரவரி இறுதியில் பெருமையுடன் அழைத்துச் சென்றேன்; வெடித்த களிமண்ணில் நான்கு கொக்குகள் நின்றன. அன்று முதல் யாரையும் அழைத்துச் செல்வதற்கு முதல் நாள் மாலை ஒருமுறை கரைமேல் நடந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நல்ல ஆண்டில், டிசம்பர் பிற்பகுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை, மாலை நான்கரை மணிக்குக் கரையில் இருங்கள். பகலெல்லாம் வயலில் இரை தேடிய அரிவாள் மூக்கன்களும் நத்தைகுத்தி நாரைகளும் கூட்டங்கூட்டமாகத் திரும்பி, ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களில் இறங்கும். நீர்ப்பரப்பில் நாமக்கோழிகளும் கிளுவைகளும் ஊசிவால் வாத்துகளும் மிதக்கும். நத்தைகுத்தியைப் பைனாகுலரில் பார்த்தால், மூடிய அலகின் நடுவே ஓர் இடைவெளி தெரியும். வயலில் கிடக்கும் நத்தையை ஓட்டிலிருந்து பிரித்தெடுப்பதற்கு ஏற்ற அமைப்பு அது. நாற்று நட்ட வயலில் நத்தை எவ்வளவு கேடு செய்யும் என்பதைத் தாத்தாவே பேரனுக்கு விளக்கட்டும். கரையில் நடக்கும் தூரம் அதிகமில்லை. பெரியவர் உட்கார்ந்து பார்ப்பதற்கு ஒரு மடக்கு நாற்காலி போதும்.

வடுவூரும், திருத்துறைப்பூண்டியிலிருந்து முத்துப்பேட்டை செல்லும் வழியிலுள்ள உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயமும் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. கொடியக்கரை 2002-லேயே, தமிழகத்தின் முதல் ராம்சார் தலமாக அதில் சேர்ந்துவிட்டது. உதயமார்த்தாண்டபுரம் சிறியதுதான், ஆனால் போகிற வழியிலேயே இருப்பதால் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், பொங்கல் கூட்டம் கலைந்த அடுத்த வாரம் உங்களுக்குப் பொருத்தம். காணும் பொங்கலன்று மட்டும் இந்தப் பக்கம் வராதீர்கள். அன்றைக்கு வரும் கூட்டத்தில் பறவைகளின் குரல்கூடக் கேட்காது.

அலையாத்தி:

முத்துப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். அக்கா, உங்கள் மாமனார் கேட்ட இடம் எங்கள் ஊர்தான். நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பு என்னும், நீரைப் பிரித்துவிடும் மதகில் வெண்ணாற்றிலிருந்து பிரியும் கோரையாறும் பாமணியாறும் கடைசியில் எங்கள் அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்து, லகூனில் (கடலோரக் காயலில்) விரிந்து, பாக் நீரிணையில் கலக்கின்றன. ஜாம்பவானோடையில் ஏறும் படகு கோரையாற்றின் வழியேதான் காட்டுக்குள் செல்லும். ஆகவே அவர் தம் வயலுக்குப் பாய்ந்த ஆற்றின் மேலேயே பயணம் செய்து அதன் முடிவைப் பார்க்கப் போகிறார்.

முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். படகில் உட்கார்ந்த பிறகு சிரமமில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் இருவர் கைகொடுக்க வேண்டும். வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதியையும் படகையும் உறுதி செய்துகொண்டு, நீர் ஏறியிருக்கும் வேளை எது என்று படகோட்டியிடம் கேட்டு அந்த நேரத்துக்கு வாருங்கள். நீர் இறங்கிய நேரத்தில் படகு சேற்றில் தட்டும், கரைப்படிக்கட்டுக்கும் படகுக்கும் இடைவெளியும் கூடும். உயிர்காப்பு மேலங்கி அணியாமல் பிள்ளையை ஏற்ற வேண்டாம்.

காட்டுக்குள் சென்றதும் சேற்றிலிருந்து விரல் விரலாக நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களைக் காண்பீர்கள்; காற்றுப் புகாத சேற்றில் வாழும் அலையாத்தி அவற்றின் வழியாகத்தான் மூச்சுவிடுகிறது. மழையில்லாத நாளாக இருந்தால், படகோட்டியைக் கேட்டு ஓர் இலையை மகன் விரலால் தடவி நாவில் வைத்துப் பார்க்கட்டும். வேர் வழியே ஏறிய உப்பை மரம் இலையால் வெளியேற்றுவதால், வெயிலில் அது வெண்பொடியாகப் படிந்திருக்கும். வகுப்பில் எத்தனை நாள் படித்தாலும் அந்தக் கரிப்பு தரும் பாடம் கிடைக்காது. கஜாவில் இந்தக் காடு பெரும் சேதம் அடைந்தது. ஆயினும் இந்த மரங்கள் முன்னால் நின்றிராவிட்டால் எங்கள் ஊர்களின் நிலை இன்னும் மோசமாகியிருக்கும் என்றுதான் இங்குள்ள மீனவர்கள் அனைவரும் சொல்கிறார்கள்.

குடந்தைப் பயணி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பொங்கலுக்கு அடுத்த வாரம் வெள்ளி பிற்பகல் கிளம்பி, மாலை வடுவூரில் நின்றுவிட்டு, இரவு வேதாரண்யம் சேர்கிறோம். சனிக்கிழமை முழுவதும் கொடியக்கரை. ஞாயிறு உதயமார்த்தாண்டபுரம் வழியாக முத்துப்பேட்டை. நீங்கள் எழுதியதை மாமனாருக்குப் படித்துக் காட்டினேன். மூணாறு தலைப்பு என்று வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, அங்கே முறைப் பாசனத்துக்காக இரவெல்லாம் காவலிருந்த கதையைப் பேரனிடம் சொல்லத் தொடங்கிவிட்டார். ஞாயிறன்று நீர் ஏறும் நேரத்தை யாரிடம் எப்போது கேட்பது என்பதை மட்டும் தெரிவியுங்கள்.

அலையாத்தி:

சனிக்கிழமை மாலை வேதாரண்யத்திலிருந்தே முத்துப்பேட்டை வனச்சரக அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள், அக்கா. அன்றைய காற்றையும் நீரையும் பார்த்துப் படகோட்டிகள் சொல்லும் நேரமே சரியானது. முடிந்தவரை காலை வேளையைக் கேட்டு வாங்குங்கள். பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால் லகூனில் அலை கூடும், பெரியவருக்குப் படகின் ஆட்டம் ஒத்துக்கொள்ளாது.