புதுப்பிப்பு: மாமாவின் முன்கைப் பட்டியும் உப்புவெளி வெயிலும்

பாரிசவாதத்தால் வலக்கை மடங்கிப்போன மாமாவுக்குத் தசைமின் உணரிப் பட்டி (தசையின் மின் சமிக்ஞையை உணர்ந்து திரையில் கோடாகக் காட்டும் முன்கைப் பட்டி) வாங்கியதையும், காலையில் ஒழுங்காக வரும் கோடு மத்தியானத்தில் தாறுமாறாவதையும் முன்பு எழுதியிருந்தேன். பலரும் கேட்டதால் இப்போதைய நிலைமை.

பட்டியில் பழுதில்லை. தசை சுருங்கும்போது தோலில் பதிவாகும் மின்னழுத்தம் பெரும்பாலும் சில மில்லிவோல்ட்டைத் தாண்டாது. எங்கள் ஊரான உப்புவெளியின் வெயிலில் வியர்த்து, தோலில் படும் உணர்முனையான மின்வாய் வழுக்கினாலே சமிக்ஞை குழம்பிவிடும். போதாக்குறைக்கு வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சலும் சமிக்ஞையில் கலக்கிறது. தசைச் சமிக்ஞையும் ஏறக்குறைய 20 முதல் 500 ஹெர்ட்ஸுக்குள்தானே இருக்கிறது. இரைச்சலை வடிகட்டினால் நல்ல சமிக்ஞையும் கொஞ்சம் சேர்ந்து போகும்.

இயன்மருத்துவர் தோலை ஸ்பிரிட்டால் துடைத்தார். முன்கையின் பின்புறத்தில், மணிக்கட்டை நிமிர்த்தும் தசையை விரலால் அழுத்திக் கண்டுபிடித்து, இரு மின்வாய்களையும் தசையிழை ஓடும் திசையில் வைத்தார். மூன்றாவது, முழங்கை எலும்பின் மேல்.

“ஐயா, கையை நிமிர்த்தப் பாருங்கள்.”

கை அசையவில்லை; திரையில் கோடு எழுந்தது. “உள்ளே வேலை நடக்கிறதடா!” என்று மாமா இடக்கையால் என் தோளில் ஓங்கி அறைந்தார். இன்னும் வலிக்கிறது.

அசைவுக்குச் சற்று முன்பே சமிக்ஞை எழுவதால்தான் கையை மோட்டாரால் அசைத்து உதவும் கையுறைகளும் இதைப் பயன்படுத்துகின்றன. அந்தக் கையுறையை வாங்கலாமா என்று கேட்டவர்களுக்கு: எங்களுக்கு இப்போது வேண்டாம். மடக்கும் தசையின் இறுக்கமும் கலந்து பதிவானால் கையுறை நோக்கத்தைப் பிழையாகப் புரிந்துகொள்ளும்.

வியர்வையும் மின் இரைச்சலும் குறையட்டும் என்று மாமா வெயில் ஏறுமுன், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பயிற்சி செய்கிறார். புழுக்கம் என்ற முணுமுணுப்பும் தொடர்கிறது.