இக்னிஷன் டைமிங்: ‘எரியூட்டு நேரம்’ பொருந்தாது, ‘தீப்பொறித் தருணம்’ என்று சொல்லலாமா?

நண்பர்களே,

பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறி விழும் தருணமான இக்னிஷன் டைமிங்குக்கு, நம் கலைச்சொல் பட்டியலில் வந்திருக்கும் ‘எரியூட்டு நேரம்’ என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. கேட்டவுடன் ‘எவ்வளவு நேரம் எரிகிறது?’ என்றுதான் தோன்றும். நாம் சொல்ல வந்தது ‘பொறி எப்போது விழுகிறது?’ என்பதை. அதையும் நொடியில் அளப்பதில்லை. சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் உச்சிக்கு வர, அதனோடு இணைந்து சுழலும் தண்டான கிராங்க் இன்னும் எத்தனை டிகிரி சுற்ற வேண்டும் என்று அளக்கிறோம்.

என் பரிந்துரை ‘தீப்பொறித் தருணம்’. பொறி முன்னதாக விழும் அட்வான்ஸுக்கு ‘முந்தல்’, தாமதமாக விழும் ரிடார்டுக்கு ‘பிந்தல்’. வெறும் ‘பொறித் தருணம்’ சுருக்கமாக இருக்கும், ஆனால் பொறி என்றால் இயந்திரம் என்றும் பொருள் உண்டே. இன்ஜினைப் பற்றிய பேச்சில் அந்தக் குழப்பம் வேண்டாம்.

சரி, இந்தச் சொற்களை வைத்து இன்ஜின் ஏன் சூடேறுகிறது என்று விளக்க முடிகிறதா, பார்ப்போம். காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை முழுவதும் எரியச் சிறிது நேரம் பிடிக்கும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் கிராங்க் ஒரு மில்லிநொடிக்குள் 18 டிகிரி திரும்பிவிடும். அதனால் பிஸ்டன் உச்சியைத் தொடும் முன்பே பொறி விழ வேண்டும். அப்போதுதான் உச்சி தாண்டிச் சுமார் 15 டிகிரியில் அழுத்தம் உச்சம் பெறும். பிந்தல் இருந்தால், பிஸ்டன் பாதி இறங்கிய பிறகும் உள்ளே எரிந்துகொண்டிருக்கும். வேலையாக மாற வேண்டிய வெப்பம் சிலிண்டர் சுவருக்கும் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் போய், ரேடியேட்டர் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும். முந்தல் மிஞ்சினாலும் சூடுதான், ஆனால் இடம் வேறு: ஏறி வரும் பிஸ்டனை அழுத்தம் எதிர்க்கும், நாக்கிங் (கலவை தானாகத் தீப்பற்றி எழுப்பும் தட்டல்) வரும், பிஸ்டனின் தலை வேகும். ‘டைமிங் சரியில்லை’ என்று மட்டும் சொன்னால் போதாது, இரண்டு தனிப் பெயர்ச்சொற்கள் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

இது நானே பட்டுத் தெரிந்துகொண்டது. காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டர் வைத்த பழைய இன்ஜின் ஒன்று ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது) மந்தமாக ஓடி, சீக்கிரம் சூடேறியது. கலவைதான் கோளாறு என்று நினைத்து மிக்சர் ஸ்க்ரூவையே திருகிக்கொண்டிருந்தேன். அன்று இருட்டிய பிறகு பானட்டைத் திறந்தால், எரிந்த புகை வெளியேறும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மங்கலாகச் சிவந்திருந்தது. பொறிக்கான மின்சாரத்தை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, முந்தும் பக்கமாக மயிரிழை அளவு திருப்பினேன். ஆக்சிலரேட்டரைத் தொடாமலே இன்ஜின் வேகம் பிடித்தது, சத்தம் சீரானது. முதலில் தருணம், அப்புறம்தான் கலவை. நான் தலைகீழாகச் செய்திருக்கிறேன்.

இங்கே இன்னொன்று: டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், அதில் 5 டிகிரி என்பது கிராங்கில் 10 டிகிரி. வரையறையில் ‘கிராங்க் டிகிரி’ என்று கட்டாயம் எழுதிவிடுவோம்.

கலவைச் சொற்களிலும் ஒரு திருத்தம். காற்று மிகுந்த லீன் கலவையை ‘நீர்த்த கலவை’ என்பது தவறான படத்தைத் தருகிறது. பெட்ரோலில் தண்ணீர் கலந்துவிட்டதாகத்தான் படிப்பவர் நினைப்பார். ‘மெலிகலவை’, ‘செறிகலவை’ என்று வைத்துக்கொள்ளலாம். பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு எரிபொருள் என்பது நடுக்கோடு. காற்று அதைவிடக் கூடினால் மெலிகலவை, குறைந்தால் செறிகலவை. ‘மெலிகலவை மெதுவாக எரியும், அதற்கு முந்தல் கூடுதலாக வேண்டும்’ என்று இப்போது ஒரே வரியில் எழுதிவிட முடிகிறது பாருங்கள்.

டீசல் இன்ஜினில் பொறியே கிடையாது, அங்கே ‘தீப்பொறித் தருணம்’ உதவாது. எரிபொருள் பீய்ச்சப்படுவதால் ‘பீய்ச்சல் தருணம்’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். முந்தலும் பிந்தலும் அப்படியே பொருந்தும். ‘பீய்ச்சல்’ காதுக்கு உறுத்துகிறது என்பவர்கள் மாற்றுச்சொல் தாருங்கள்.